தாத்தா காலத்துப் பஞ்சமி நிலம்: பதிவேட்டில் தேடுவது முதல் மீட்பு மனு வரை

"வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பாட்டனுக்குக் கொடுத்த நிலம்" என்ற பேச்சை வட மாவட்டங்களின் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் இன்றும் கேட்கலாம். பெரும்பாலும் அது உண்மையான பேச்சுதான். ஆனால் பேச்சை வைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு படி ஏற முடியாது. எந்தக் கிராமம், எந்தச் சர்வே எண், யார் பெயருக்கு, எந்த ஆண்டு, என்ன நிபந்தனை என்ற ஐந்துக்கும் காகிதத்தில் விடை வேண்டும். அதோடு, அந்தப் பாட்டனுக்கும் இன்று மனு எழுதும் உங்களுக்கும் இடையே உள்ள தலைமுறைகளும் அறுபடாமல் காகிதத்தில் இருக்க வேண்டும். நிலம் கைவிட்டுப் போன குடும்பங்களில் பல, இந்த இரண்டாவது கயிறு அறுந்ததால்தான் திரும்பக் கேட்கவே முடியாமல் நிற்கின்றன.

நிலம் எப்படி வந்தது

செங்கல்பட்டு, தஞ்சாவூர் பகுதிகளில் பறையர், பள்ளர் குடும்பங்கள் பல 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டன, அடகு வைக்கப்பட்டன. 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் அடிமை மீதான எந்த உரிமையையும் நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. அதன் 3-ஆம் பிரிவை நம் மக்களில் பலர் அறியவில்லை. ஒருவர் தன் உழைப்பாலோ, தொழிலாலோ, வாரிசுரிமையாலோ, கொடையாலோ, உயிலாலோ பெற்ற சொத்தை, அவரோ அவருக்கு அதைக் கொடுத்தவரோ அடிமையாக இருந்தார் என்ற காரணம் காட்டிப் பறிக்க முடியாது என்கிறது அது. அடிமை மகன் அப்பன் சொத்தை ஆளலாம் என்று சட்டம் சொன்ன இடம் அது. 1862 ஜனவரி 1-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அடிமை வைத்திருப்பதே குற்றமாயிற்று.

ஆள வேண்டிய சொத்துதான் இல்லை. ஊர் நிலம் மிராசுதாரர் கையில், குடியிருந்த மனைகூட அவர்கள் கையில். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்கீர் இந்த நிலையை விரிவாக அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் சென்னை அரசு வருவாய்த் துறையின் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. அரசு நிலத்தைப் பஞ்சமர் என்று அன்று குறிக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படை செய்யும், அதாவது நிபந்தனையோடு வழங்கும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. மக்கள் வாயில் அது பஞ்சமி நிலம், அலுவலகத்தில் டி.சி. (டிப்ரெஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) நிலம். மாநிலம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. உங்கள் மனுவில் அதை எழுத வேண்டாம். அதிகாரியை அசைப்பது உங்கள் ஒரு சர்வே எண்தான்.

நிபந்தனையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் தரவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. 10 ஆண்டு கழிந்த பிறகும் அதே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் இழப்பீடு இல்லாமல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு இடத்தில் தவறான புரிதல் ஊறிக் கிடக்கிறது. ஒன்று, "10 வருஷம் ஆயிடுச்சு, இனி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்" என்பது. நிலத் தரகர்கள் சொல்லிச் சொல்லிப் பரவிய பேச்சு அது. 10 ஆண்டுக்குப் பிறகும் வாங்குபவர் யார் என்ற வரம்பு நீங்குவதில்லை. மற்றொன்று, நிபந்தனை இருப்பதால் பிள்ளைகளுக்குப் போகாது என்ற பயம். வாரிசுரிமை கைமாற்றம் ஆகாது. தந்தை இறந்தால் நிலம் இயல்பாகவே மனைவி மக்களுக்கு இறங்கும், நிபந்தனையும் நிலத்தோடு சேர்ந்து இறங்கும். குடும்பத்துக்குள் பாகம் பிரித்துக்கொள்வதும் விற்பனை அல்ல.

ஆதிதிராவிடர் பெயரில் உள்ள நிலமெல்லாம் பஞ்சமி அல்ல என்பதையும் முதலிலேயே மனதில் வையுங்கள். தாத்தா காசு கொடுத்துக் கிரயம் வாங்கியது இருக்கும். தர்காஸ்தில், அதாவது அரசு நிலம் கேட்டு மனுப் போட்டு, பொதுவான நிபந்தனையோடு பெற்றது, நில உச்சவரம்பு உபரி, பூதானம், ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த வீட்டுமனை என்று பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வேறு, கேட்க வேண்டிய அலுவலகமும் வேறு. உங்கள் ஊர் 1948-க்கு முன் ஜமீன் கிராமமாக இருந்திருந்தால், 1892 ஆணையின் கீழ் அங்கே சர்க்கார் நிலம் கொடுத்திருக்க வாய்ப்பு குறைவு. ஜமீன் ஒழிப்புக்குப் பிந்தைய பதிவுகளில் தேடலைத் தொடங்குங்கள்.

மூன்று காலத்துப் பதிவேடு

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். ஒரே நிலத்துக்கு மூன்று காலத்துப் பதிவுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் இன்றையது. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேடு (சர்வே எண் வாரியான கிராம நிலப் பதிவேடு), பட்டா, சிட்டா, புலப்படம் நான்கையும் எடுங்கள். அ-பதிவேட்டில் குறிப்புக் கலத்தைத் தவறாமல் படியுங்கள். 'டி.சி.', 'டி.சி. கண்டிஷன்', 'நிபந்தனை', 'பஞ்சமி' என்று எது இருந்தாலும் அது உங்கள் முதல் சான்று. ஒன்றும் இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம், காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

இரண்டாவது, யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் அ-பதிவேடு. 1979 முதல் 1987 வரை நடந்த அந்தத் திட்டத்தில்தான் பழைய கையெழுத்துப் பதிவுகள் புதுப் பதிவேட்டுக்கு ஏறின. அன்று நிலத்தில் யார் நின்றாரோ, யார் ரசீது காட்டினாரோ அவர் பெயர் ஏறியது. குறிப்புக் கலத்திலிருந்த 'டி.சி.' என்ற இரண்டெழுத்து பல கிராமங்களில் அப்படியே விடுபட்டது. இன்று கணினியில் தெரிவது அந்தப் பதிவின் பிள்ளைதான். ஆகவே கணினியில் இல்லை என்பதால் நிபந்தனையே இல்லை என்று ஆகாது.

மூன்றாவது, யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு. ரீசெட்டில்மென்ட் பதிவேடு, செட்டில்மென்ட் நிலப் பதிவேடு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். வட்டாட்சியர் அலுவலகப் பதிவறை, மாவட்ட ஆட்சியரகப் பதிவறை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற வரிசையில் தேடுங்கள். கிடைத்தால் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிட்ட நகலாக வாங்குங்கள். கைப்பேசியில் எடுத்த படம் உங்கள் நினைவுக்கு உதவும், விசாரணையில் செல்லாது.

இவற்றுக்கும் மேலே மதிப்புள்ளது ஒப்படை ஆணை. நிலத்தைக் கொடுத்தபோது எழுதிய அசல் ஆணை அல்லது ஒப்படைப் பதிவேட்டின் பக்கம். வாங்கியவர் தரப்பு நீதிமன்றத்தில் எழுப்பும் முதல் கேள்வியே "நிபந்தனை எழுதிய ஆணை எங்கே?" என்பதுதான். அது கிடைக்காவிட்டால் பழைய பதிவேட்டின் குறிப்பு, அதே காலத்தில் அடுத்தடுத்த சர்வே எண்களை அதே வகுப்பினருக்கு ஒப்படைத்த பதிவுகள், பழைய அடங்கல் (ஆண்டுதோறும் எழுதும் கிராமச் சாகுபடிக் கணக்கு) ஆகியவற்றைச் சேர்த்துத்தான் நிறுவ வேண்டும். ஒரே தொகுதியில் பத்து பேருக்கு நிலம் கொடுத்திருந்தால் பத்துக் குடும்பமும் சேர்ந்து தேடுங்கள். ஒரு வீட்டுப் பெட்டியில் இல்லாத ஆணை இன்னொரு வீட்டில் இருக்கும்.

சர்வே எண் மாறியிருக்கும், கவனம். மறு அளவையில் பழைய எண் ஒன்று புதிதாக இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும். ஊர் நகராட்சியில் சேர்ந்திருந்தால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று அடியோடு மாறியிருக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்காமல் மனுப் போட்டால், எதிரி நிலம் வேறு, நீங்கள் கேட்கும் நிலம் வேறு என்று ஒரே வரியில் தள்ளுபடி ஆகும். பரப்பும் ஏமாற்றும். பழைய பதிவு ஏக்கர்-சென்ட், புதியது ஹெக்டேர்-ஏர். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட், ஒரு ஏக்கர் சுமார் 0.40.5 ஹெக்டேர், அதாவது 40.5 ஏர். 0.81.0 என்று பார்த்துவிட்டு "ஒரு ஏக்கர்கூட இல்லையே" என்று நினைக்காதீர்கள், அது 2 ஏக்கர்.

அடங்கலைப் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு வாரியாகக் கேட்க வேண்டும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1434 என்பது 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. எந்தப் பசலியில் உங்கள் தாத்தா பெயர் மறைந்து வேறு பெயர் ஏறியது என்று கண்டுபிடித்துவிட்டால், எந்த ஆண்டுப் பத்திரத்தைத் தேட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

பதிவேட்டைத் தர மறுத்தால், அல்லது வாய்மொழியாக "இல்லை" என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலன் இல்லாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "எங்கள் நிலம் ஏன் பறிபோனது?" என்றால் பதில் வராது. "இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணுக்கான நிலவரித் திட்டப் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்" என்றால் தர வேண்டும், அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இல்லை என்ற எழுத்தும் பின்னால் பயன்படும். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. ஆண்டுதோறும் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நாளில் அந்தக் கணக்குகள் மேசைக்கு வரும், அன்று கேட்பதும் நல்ல வழி.

பாட்டன் முதல் பேரன் வரை

நிலம் பெற்றவரின் பெயரைப் பழைய பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, எழுத்துப் பிழையோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலக் கணக்கர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரை மரியாதையாக எழுதவில்லை, கூப்பிட்ட பெயரை எழுதினார்கள். பதிவேட்டில் 'சின்னான் மகன் முனியன்', வாக்காளர் பட்டியலில் 'முனுசாமி' என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டும். இரண்டு பெயரும் உள்ள பழைய பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல், தேவாலய ஞானஸ்நானப் பதிவு, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கை எல்லாம் இதற்கு உதவும்.

இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று வேண்டும். பதிவாகாத இறப்பு ஓராண்டைத் தாண்டியிருந்தால், முதலில் பதிவின்மைச் சான்று பெற்று, பிறகு கோட்டாட்சியரிடம் ஆணை வாங்கிப் பதிய வேண்டும். மிகப் பழைய தலைமுறைக்கு இது நடக்காது. அவர்களுக்குக் குடும்ப வம்சாவளி வரைபடம், ஊர்ப் பெரியவர்களின் உறுதிமொழி வாக்குமூலம், பழைய பத்திரங்களில் உள்ள 'மகன்', 'பேரன்' குறிப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். இவற்றைத் தாங்கிப் பேசக்கூடிய முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மற்ற எந்த வேலையையும் தள்ளிப் போடலாம், இதைத் தள்ளிப் போடக்கூடாது.

அடுத்தது வாரிசுச் சான்று, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் பெறுவது. ஒரே விண்ணப்பத்தில் மூன்று தலைமுறையையும் அடக்க முயலாதீர்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்று. மகள்களை விட்டுவிட்டு மகன்கள் பெயரை மட்டும் கொடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களிலும் இருக்கிறது. அது அநியாயம், ஆபத்தும்கூட. விடுபட்ட ஒரு மகள் ஆட்சேபித்தால் போதும், உங்கள் கோரிக்கை முழுதும் நிற்கும். எதிர்த் தரப்பு அப்படி ஒரு அக்காவையோ அத்தையையோ தேடிப் போய்க் கையெழுத்து வாங்கத் தயங்காது.

பங்குக் கணக்கு இப்படி. ஒப்படை பெற்றவர் இந்துவாக 1956 ஜூன் 17-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடிருக்கும் தாய் எல்லோருக்கும் சமப் பங்கு. மனைவியும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் என்றால் நான்கு பங்கு. பிறகு ஒரு மகன், தாய் உயிரோடு இருக்கையில், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டு இறந்தால் அவருடைய கால் பங்கு மேலும் நான்காகும், தலைக்கு 16-இல் ஒரு பங்கு. அந்தத் தாய்க்குப் பங்கு உண்டு என்பதை மறக்கிறவர்கள் அதிகம். 1956-க்கு முன் இறந்தவர் என்றால் பழைய இந்துச் சட்டப்படி மகன்களுக்கு இறங்கிய நிலம் பூர்விகச் சொத்தாகிவிடும். அதில் மகள்களுக்கு 2005 திருத்தத்தின்படி மகனுக்கு இணையான உரிமை உண்டு, தந்தை 2005-இல் உயிரோடு இல்லாவிட்டாலும் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது கலைக்காது. வேறு சாதியில் திருமணம் செய்த மகளும் பங்கை இழப்பதில்லை. பிறந்த சாதி திருமணத்தால் மாறுவதில்லை.

கிறித்தவக் கிளை உள்ள குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இறந்தவர் கிறித்தவர் என்றால் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி இரண்டு பாகம் பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு இல்லை. இந்துவாக இறந்தவரின் மகன் மதம் மாறியிருந்தாலும் தன் பங்கை இழப்பதில்லை. ஆனால் அவர் மதம் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகள், இந்து உறவினரின் சொத்துக்கு நேரடி வாரிசாக முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு தடுக்கிறது. வாரிசுரிமை பிறக்கும் நாளில் அவர்கள் இந்துவாக இருந்தால்தான் விலக்கு. யார் எந்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார், யார் எந்த ஆண்டு பிறந்தார் என்று வம்சாவளிப் படத்திலேயே எழுதிவிடுங்கள்.

கைமாறிய வழி

பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் வில்லங்கம் பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேட வேண்டும். பழைய எண், புதிய எண், எல்லா உட்பிரிவுகளும் கொடுத்துத் தேடுங்கள். வந்த பத்திரம் ஒவ்வொன்றின் நகலையும் எடுங்கள். பழைய பத்திரங்களில் இரு தரப்பின் சாதியையும் எழுதியிருப்பார்கள், வாங்கியவர் பட்டியல் சாதியினர் அல்ல என்பதற்கு அதுவே சான்று.

அடிக்கடி தென்படும் தந்திரம் இது. முதலில் ஒரு ஆதிதிராவிடர் பெயருக்குக் கிரயம், சில ஆண்டு கழித்து அவரிடமிருந்து மற்ற வகுப்பினருக்கு இரண்டாவது கிரயம். முதல் பத்திரத்தை மட்டும் காட்டி "எங்களவருக்குத்தான் விற்றது" என்பார்கள். நிபந்தனை நிலத்தோடு போவதால் இரண்டாவது கிரயமும் மீறல்தான். கடன் அடகு, பொது அதிகாரப் பத்திரம், காலவரையில்லாத குத்தகை என்ற வேடங்களிலும் வரும்.

மனுவில் என்ன கேட்பது

இங்கேதான் நல்ல ஆதாரம் வைத்திருப்பவர்களும் சறுக்குகிறார்கள். "எங்கள் நிலத்தை மீட்டு எங்கள் பெயருக்குப் பட்டா தாருங்கள்" என்று ஒரே வரியில் கேட்கிறார்கள். சட்டத்தின் வழி அப்படிப் போவதில்லை. நிபந்தனை மீறப்பட்டால் நிலம் முதலில் அரசுக்குத் திரும்பும், உங்களுக்கு அல்ல. பிறகு அரசு அதை மறுபடி ஒப்படை செய்ய வேண்டும். விற்றவரின் வாரிசு என்பதால் மட்டும் மறு ஒப்படை தானாக வராது. விற்பனை எந்தச் சூழலில் நடந்தது, இன்று நீங்கள் நிலமற்றவரா என்பதெல்லாம் பார்க்கப்படும். தாத்தா விற்கவே இல்லை, போலிக் கைநாட்டு அல்லது யு.டி.ஆர். பிழையால் பெயர் மாறியது என்றால் கதை வேறு. அப்போது பதிவைத் திருத்தி வாரிசுகள் பெயரில் பட்டா கேட்பதுதான் சரியான கோரிக்கை. யு.டி.ஆர். பிழைத் திருத்தத்தை மாவட்ட வருவாய் அலுவலருக்கு எழுதுங்கள். இந்த இரண்டில் உங்களுடையது எது என்று தெளியாமல் மனு எழுதாதீர்கள்.

மீறல் வழக்கு என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, கோட்டாட்சியர், வட்டாட்சியர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு நகல் அனுப்புங்கள். வாசகம் இந்தப் போக்கில் இருக்கட்டும்:

"…வட்டம், …கிராமம், பழைய சர்வே எண் …, தற்போதைய சர்வே எண் …, பரப்பு … ஹெக்டேர் நிலம், … ஆம் ஆண்டில் … மகன் … என்பவருக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான நிபந்தனையுடன் ஒப்படை செய்யப்பட்டது. … தேதியிட்ட … எண் ஆவணம் மூலம் நிபந்தனைக்கு மாறாக வேறு வகுப்பினருக்குக் கைமாற்றப்பட்டுள்ளது. ஆகவே (1) தற்போதைய பட்டாவை ரத்து செய்து நிலத்தை அரசு மீட்கவும், (2) ஒப்படை பெற்றவரின் நிலமற்ற வாரிசுகளான எங்களுக்குப் பெண்கள் உட்படக் கூட்டாக மறு ஒப்படை செய்யவும், (3) அது இயலாதெனில் இதே கிராமத்தின் நிலமற்ற ஆதிதிராவிடர்களுக்கு ஒப்படை செய்யவும், (4) விசாரணை முடியும்வரை இந்தச் சர்வே எண்களில் பத்திரப் பதிவையும் பட்டா மாறுதலையும் நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறோம்."

மூன்றாவது கோரிக்கையைச் சிலர் விரும்புவதில்லை. எங்கள் கருத்தில் அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஊரே உங்களோடு நிற்பதும், சொந்த ஆதாயத்துக்கு அலைகிறார் என்ற வாயை அடைப்பதும் அந்த ஒரு வரிதான். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள், அதே மனுவைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

விசாரணை அறிவிப்பு வாங்கியவருக்கும் போகும், போகத்தான் வேண்டும். அவரைக் கேட்காமல் போட்ட ஆணை உயர் நீதிமன்றத்தில் நிற்காது, திரும்ப முதலிலிருந்து தொடங்க நேரும். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை "தனிநபர் பட்டா நிலம்" என்று ஒற்றை வரியில் முடிந்தால், பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகலை இணைத்து எழுத்தில் ஆட்சேபியுங்கள். வட்டாட்சியரின் பட்டா ஆணை பாதகமாக இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன் பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. மாதக்கணக்கில் அசைவே இல்லை என்றால், மனுவைக் குறித்த காலத்துக்குள் முடிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. கர்நாடகத்தில் இதற்கென்றே 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, உச்ச நீதிமன்றம் 1984-இல் அதை உறுதியும் செய்தது. இங்கே வருவாய் நிலையாணைகளை (வருவாய்த் துறையின் நிரந்தர உத்தரவுகளை) வைத்தே போராட வேண்டியிருப்பதால் காகிதத்தின் எடை இரட்டிப்பாகிறது.

மனுப் போட்ட செய்தி தெரிந்ததும் எதிர்த் தரப்பு உரிமையியல் நீதிமன்றத்தில் உங்கள் மேல் தடையாணை வாங்க ஓடும். அதற்கு முன் கேவியட் தாக்கல் செய்யுங்கள், உங்களைக் கேட்காமல் தடை தர முடியாது. அது 90 நாள் மட்டுமே உயிரோடிருக்கும், முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று நிற்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பே பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும், அழைப்பு எண் 15100.

மிரட்டி எழுதி வாங்கியது, போலி ஆவணம், நிலத்திலிருந்து விரட்டியது ஆகியவை இருந்தால், செய்தவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர் என்ற நிலையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகள் பொருந்தும். புகாரில் நாள், இடம், ஆட்களைத் துல்லியமாக எழுதுங்கள். நிலத்தகராறு என்று மட்டும் எழுதினால் உரிமையியல் வழக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆணை கையில் வராமல் நிலத்தில் இறங்காதீர்கள். 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் காவல்துறை சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். பஞ்சமி நிலம் என்ற சொல் சட்டமன்றம் வரை ஒலித்தது அவர்கள் சிந்திய ரத்தத்தால்தான். இன்னொரு வீட்டுப் பிள்ளை அப்படிப் போகக்கூடாது. அத்துமீறல் வழக்கு ஒன்று விழுந்துவிட்டால் உங்கள் சாட்சிகளே விசாரணைக்கு வரப் பயப்படுவார்கள்.

நிலம் இன்னும் கையில் இருந்தால்

தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கட்டும் என்று விட்டுவைக்காதீர்கள். வாரிசுச் சான்றோடு முதலில் கூட்டுப் பட்டா, பிறகு பாகப்பிரிவினை பதிந்து அளவர் வந்து அளந்தபின் உட்பிரிவும் தனிப் பட்டாவும். அ-பதிவேட்டில் நிபந்தனைக் குறிப்பு விடுபட்டிருந்தால் அதைச் சேர்க்கச் சொல்லி நீங்களே மனுக் கொடுங்கள். விலை குறையும் என்று யாராவது சொல்வார்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் நிலத்துக்கு வேலி. வங்கி அடமானம் வேண்டும் என்றால் அந்த நிபந்தனை அனுமதிக்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பசலிக்கும் அடங்கலில் உங்கள் பெயரும் பயிரும் ஏறியதா என்று பாருங்கள், தீர்வை ரசீதைத் தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். தொழிற்பேட்டைக்கோ சாலைக்கோ நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தால், இழப்பீடு பட்டாதாரர் பெயருக்குப் போகும் முன் ஆட்சேப மனு போய்ச் சேர வேண்டும்.

பண்ணையில் குடியிருந்த குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனைக்கு உரிமை தரும் குடியிருப்புச் சட்டம் 1971-இல் வந்தது. அதன் கீழ் தாத்தா பெயரில் சான்று கொடுத்திருக்கிறார்களா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கொத்தடிமையாக இருந்த குடும்பம் என்றால் 1976 ஒழிப்புச் சட்டத்தைப் பாருங்கள். கொத்தடிமைக் கடனுக்காக வைத்த அடமானமெல்லாம் அதன்படி தானாகத் தீர்ந்துவிடும், அடமானம் பிடித்தவர் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும், விடுவிக்கப்பட்டவரைக் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றவும் முடியாது. விடுவிப்புச் சான்றிதழின் அசலை நிலப் பத்திரங்களோடு சேர்த்து வைத்து, ஒரு சான்றிட்ட நகலை மகளிடமும் ஒன்றை மகனிடமும் கொடுத்து வையுங்கள்.